மாமா கிழித்த பொம்மர்

ஜெர்மனியில், பீலெஃபெல்டில் எந்தத் தமிழ் வீட்டில் பெண் பெரியவளாகிச் சாமத்தியச் சடங்கு நடந்தாலும் மேடைக்கு மயில் படம் கீற எங்கள் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவின் தம்பி, ஊரில் படவரைஞராக இருந்தவர். அடிமட்டம் இல்லாமலே நேர்கோடு போடுவார். மயில் தன் மகளைவிட வடிவாக வந்துவிட்டது என்று ஒரு தாய் கோபித்துக்கொண்டதும் உண்டு.

ஆறாம் வகுப்பில் ஆளுக்கொரு ரெஃபராட் செய்யச் சொன்னார்கள். படம் வைத்து வகுப்புக்கு முன்னால் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் மற்றவர்களுக்கு நீராவி இயந்திரம், தொலைபேசி என்று வந்தது. எனக்கு உலகப் போரில் சோவியத் நாடு செய்த டூ-2 என்ற நடுத்தரக் குண்டுவீச்சு விமானம். என் தலைவிதி! மாமா படம் கீறித் தருவார் என்பதுதான் ஒரே ஆறுதல்.

"வீட்டுக்குள்ள பொம்மர் வேண்டாம், பிள்ளை" என்றார் அம்மா. எங்கள் ஆட்களுக்குக் குண்டு போடுவதெல்லாம் பொம்மர்தான்.

மாமா சிரித்தார். "கடதாசிப் பொம்மர்தானே அக்கா. உது குண்டு போடாது."

சாப்பாட்டு மேசையில் பெரிய காகித மட்டையை விரித்து அவர் கீற, நான் நூலகப் புத்தகத்தை வாசித்து என் ஓட்டைத் தமிழில் சொன்னேன். இரண்டு எஞ்சின். சோதனை விமானமொன்று வானத்திலேயே தீப்பிடித்தது. ஜெர்மன் படை நெருங்கியதும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிழக்கே போனார்கள். எஞ்சினை மாற்றித் திரும்பவும் கீறினார்கள். மாமா தலையாட்டிக்கொண்டே இறக்கையை முடித்தார். பிறகு அதை வடிவமைத்தவர்களைப் பற்றிய பக்கம் வந்தது.

"மாமா, இதைக் கீறின ஆக்கள் மறியலில இருந்தவையாம்! அவையின்ர அரசாங்கமே பிடிச்சு அடைச்சு வைச்சுக் கீறச் சொன்னதாம்!"

சிறை என்றால் கம்பியும் கஞ்சியும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே மேசையும் பென்சிலும் கொடுப்பார்கள் என்பதை நம்பவே முடியவில்லை.

மாமாவின் பென்சில் நின்றது. "வேலை முடிய அவையை வெளியில விட்டவையோ?"

"ஓம் மாமா, விட்டவை. பிறகு பரிசும் குடுத்தவையாம்!"

அவர் எழுந்தார். மட்டையை நாலாகக் கிழித்தார். பல்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். விடிந்தால் ரெஃபராட்! ஒரு சொட்டுத் தேநீர் சிந்தினாலே வீட்டை இரண்டாக்கும் அம்மா, தானே குனிந்து துண்டுகளைப் பொறுக்கி, கோடு கோட்டோடு சேர ஒட்டித் தந்தார்.

அடுத்த நாள் வகுப்பில் ஒருவன் கேட்டான்: சிறையில் இருந்தவர்கள் வேண்டுமென்றே பிழையாகக் கீறியிருக்கலாமே? தேடிப் பார்த்துச் சொல்லும்படி ஆசிரியை சொன்னார். நான் தேடிப் போனது மாமாவிடம்தான்.

அவர் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டே சொன்னார். "ஏலாது பிள்ளை. ரெண்டு பேரை வேற வேற அறையில இருத்தி ஒண்டையே கீற விடுவினம். பிறகு ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாப்பினம்."

அதை அப்படியே வகுப்பில் ஒப்புவித்தேன். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ஆசிரியை கேட்டார். என் மாமாவுக்கு ரஷ்யர்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்றேன், பெருமையாக.

போன மாதம்தான் அம்மா வாய் திறந்தார். சண்டைக் காலத்தில் ஊரில் மாமாவைப் பிடித்து வைத்திருந்த ராணுவத்தினர் அவரிடம் பென்சிலைக் கொடுத்து ஊரைக் கீறச் சொன்னார்களாம். பள்ளிக்கூடம், சந்தை, எங்கள் வீடு, எல்லாவற்றையும் கீறிக் கொடுத்தார். விட்டுவிட்டார்கள். அடுத்த கிழமை பொம்மர் வந்தது. வீட்டுக்குள் பெரியம்மா, அம்மாவின் அக்கா, இருந்தார்.

மாமா என் படத்தைக் கிழித்த அன்றைக்கே இது அம்மாவுக்குத் தெரியும். மட்டையை ஒட்டி முடித்ததும் அவர் பல்கனிப் பக்கம் திரும்பி, "தம்பி, சாப்பிட வா" என்று கூப்பிட்டார். என் படத்தைக் கிழித்தவருக்கு முதல் சோறா என்று எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு கோபம்.