நாலு வெண்டைக்காய்

எங்கள் ஊர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று ஏலம் விடுவது நான்தான். தொழில் கொத்தனார் வேலை, படிப்பு எட்டாவது. வாய் மட்டும் ஓயாது என்பதால் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் காணிக்கையாக வைத்த பூசணி, கோழி, வாழைத்தார் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவேன். உத்திரமேரூர் சந்தையில் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்குகிற ஆளே இங்கே ஒரு பூசணிக்கு மூன்று மடங்கு கேட்பார். அந்தக் கூடுதல் விலை காயில் எங்கே இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. விலை கேட்பதற்கு முன்னால், அது எந்த வீட்டுப் பொருள் என்று பெயர் சொல்லிக் கூவ வேண்டும். போன வருஷம் அதில்தான் தப்பு செய்தேன்.

புருஷன் விட்டுப்போன பிறகு அண்ணன் வீட்டிலேயே பல வருஷம் இருந்தவள் ஒருத்தி. நூறு நாள் வேலைக்குப் போகிறவள். அந்த வருஷம்தான் தெருக்கோடியில் தனியாக ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு போயிருந்தாள். வாசலில் ஓட்டை பெயிண்ட் வாளியில் ஒரு வெண்டைச் செடி. அதில் காய்த்த நாலு காயைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எல்லாம் முற்றல். யாரும் கேட்காமல் போனால் அவளுக்கு அவமானமாகிவிடுமே என்று நானாக நினைத்து, அவள் அண்ணன் வைத்திருந்த கத்தரிக்காய்க் கூடையில் சேர்த்துவிட்டேன். அண்ணன் பெயரைக் கூவினேன். ஆட்டோக்காரர் ஒருவர் நல்ல விலைக்கு எடுத்தார்.

பந்தி உட்கார்ந்தபோது அவள் மட்டும் வேப்பமரத்தடியில் காலித் தட்டோடு நின்றாள். சாப்பிட வா என்றேன். வரவில்லை.

"என் வூட்டுப் பேர நீ சொல்லவே இல்லியேண்ணா," என்றாள்.

தனியாக விட்டிருந்தால் பத்து ரூபாய்கூடத் தேறாது, கூடையோடு போனதால்தான் மதிப்பு என்று சமாதானம் சொன்னேன்.

"வெலைய யாருண்ணா கேட்டா? இத்தினி வருசமா தங்கச்சி, தங்கச்சின்னு அண்ணன் வூட்லயே கெடந்தேன். இப்ப எனக்குன்னு ஒரு வூடு கீதுன்னு நாலு பேர் காதுல வுழட்டுமேன்னு கொண்டாந்தேன். யாரும் கேக்கலன்னா இன்னா? நீ எம் பேரக் கூவியிருக்கலாம்ல."

ஊர் கேட்பதற்கு முன்பே, அது எதற்கும் ஆகாது என்று முடிவு கட்டியவன் நான். அதற்கு இரக்கம் என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போனேன். கத்தரிக்காய் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. வெண்டைக்காயை அவர் வீட்டம்மா வேகாது என்று ஆட்டுக்குப் போட ஒதுக்கி வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அதைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார்.

திரும்பி வந்து, பந்தி நடக்கும்போதே மைக்கைப் பிடித்தேன். அவள் பெயரைச் சொல்லி, "வூட்டு வெண்டைக்கா, நாலு," என்றேன். யாரும் விலை கேட்கவில்லை. இன்னொரு தரம் கூவினேன். பிறகு ஒரு பெரியவர், அது வெண்டைக்காயா அடுப்புக்குச் சுள்ளியா என்று கேட்டார்.

மரத்தடியிலிருந்து அவளே பதில் சொன்னாள். "முத்தல்தான் மாமா. வெதைக்கி வச்சிக்கோ."

பந்தி முழுக்கச் சிரிப்பு. சோற்றுக் கையோடு அவள் அண்ணன்தான் முதல் விலை கேட்டார். எதிர் வரிசையில் இருந்த அண்ணி புருஷனுக்கு மேலே கேட்டாள். அப்புறம் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒவ்வொரு தரமும் நான் அவள் வீட்டுப் பெயரைச் சொன்னேன். தேவைக்கு மேலேயே சொன்னேன். மூன்றாம் தரம் சொல்வதற்குள் அவள் பந்தியில் இடம் பிடித்து உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.