ஜப்பான்காரரின் கேசட்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இருந்தும் எண்பதுகளில் பழவேற்காட்டு இறால் ஜப்பான் வரைக்கும் போனதென்றால், அதில் பாதி என் ஐஸ் பெட்டியில் போனதுதான். புயலில் ஏரியைக் கடந்தவன். பயம் என்றால் என்னவென்று ஒரு கேசட்தான் எனக்குக் காட்டியது.

இறாலின் தரம் பார்க்க ஜப்பான் கம்பெனி அனுப்பிய ஆள் இரண்டு சீசன் என் வீட்டு மாடியில்தான் தங்கினார். நம் பேச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, சன்னமாக ஒரு பாட்டு கேட்பார்.

"சோக்கா கீது சார், சத்தமா வைக்கறதுதானே" என்றேன் ஒரு நாள்.

"வாணாம் அண்ணே. யாருக்கும் வாணாம்."

கூச்சம் என்று நினைத்தேன். எங்கள் குப்பத்தில் நல்ல பாட்டு என்றால் பனைமரத்தில் ஸ்பீக்கர் குழாய் கட்டி ஊருக்கே போடுவதுதான் வழக்கம். அவருடைய பெரிய முதலாளி வருகிறார் என்று தெரிந்ததும், அவரிடம் சொல்லாமலே கேசட்டைப் பொன்னேரிக்கு எடுத்துப்போய் அப்படியே இன்னொரு கேசட்டில் பதிவு செய்து வந்தேன்.

"இன்னா நைனா, சைனா பாட்டா?" என்றான் மைக் செட்காரன்.

"ஜப்பான் பாட்டுடா. கம்முனு போடு."

வந்த முதலாளிக்கு மாலை போட்டு உட்காரவைத்ததும் பாட்டு எழுந்தது. முதலாளி முகம் மலர்ந்தது. தொடையில் தாளம் தட்டி, தன் பாஷையில் கூடவே பாடினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாட்டு முடிந்தது. நான் அதுவரை கேட்டிராத ஒன்று தொடர்ந்தது. வயதான ஒரு பெண் மெல்லப் பேசினாள். குழாயில் பெருகி அந்தக் குரல் ஏரி முழுக்கப் பரவியது. நம் ஆள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கேசட்டைப் பிடுங்கினார். முதலாளி ஏதோ கேட்டார். இவர் தலைகுனிந்து ஒரே சொல் சொன்னார்.

மெட்ராஸிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் என் காதருகே சொன்னார்: "அவங்கம்மா குரலாம். பேசறது கொரியா பாஷை. கொரியாக்காரங்க. இவர் இத்தனை நாளா ஜப்பான் பேரு வச்சிக்கினு மறைச்சிட்டாராம்."

முதலாளி அதற்குப் பிறகு இவர் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் அவர் ஊருக்குப் பெட்டி கட்டும்போது கேட்டேன். "உங்க மொதலாளியும் கூட சேந்து பாடினாரே சார்?"

"அது கொரியா பாட்டு. இப்ப எங்க ஊர்ல, ஜப்பான்ல, எல்லாரும் பாடறாங்க. பாட்டு புடிக்கும் அண்ணே. கொரியா ஆளு புடிக்காது. வாடகைக்கு வீடு குடுக்க மாட்டாங்க."

பெட்டியை நானே கீழே தூக்கி வந்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அடுத்த சீசனில் வேறொருவர் வந்தார். பழைய சார் எங்கே, எப்படி இருக்கிறார் என்று மொழிபெயர்ப்பாளரை விட்டுக் கேட்டேன். புதியவர் சிரித்த முகத்தோடு சொன்னார்: அப்படி ஒரு ஆள் எங்கள் கம்பெனியில் இருந்ததே இல்லை.

எத்தனையோ பேரை எதிர்த்துப் பேசியே முன்னுக்கு வந்தவன் நான். அன்றைக்குப் பயந்துபோய், தரம் பார்க்க இறால் கூடையை அவர் முன் கவிழ்த்தேன்.