சில்வர் ஓக்கில் கட்டிய மழைமானி

எங்கள் தோட்டத்தில் மழை பெய்ததா இல்லையா என்று எனக்கே போன் செய்து சொல்ல ஒருவர் இருக்கிறார். என் கணவரின் தம்பி. குடியிருப்பது சேலத்தில். கணவர் இறந்த பிறகு மலைமேல் மாரமங்கலத்துக் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது நான். நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. தோட்டத்து ஓரத்தில் அவர் கட்டி வாடகைக்கு விடும் காட்டேஜ் இருக்கிறது. குளத்துத் தண்ணீர் இரண்டுக்கும் பொது என்பதால் அவரைக் கேட்காமல் நான் மோட்டார் போடுவதில்லை.

காட்டேஜுக்கு வருகிறவர்கள் இங்கே குளிர் எப்படி, மழை உண்டா என்று கேட்கிறார்களாம். அதற்காக ஒரு வானிலைக் கருவி வாங்கி வந்தார். காற்றின் வேகத்துக்குச் சுற்றும் மூன்று கிண்ணங்கள். வெயில் நேரே படாமல் வெப்பமானியை மூடியிருக்கும், தட்டுகளை அடுக்கியது போன்ற வெள்ளைக் கூடு. மழைக்கு ஒரு புனல், அதனடியில் இரண்டு பக்கமும் சாய்ந்தாடும் குட்டித் தொட்டி. ஒரு பக்கம் நிறைந்ததும் அது சாய்ந்து கொட்டிவிடும், மறு பக்கம் நிறையத் தொடங்கும். எத்தனை தடவை சாய்ந்தது என்று எண்ணி, பெய்த மழையின் அளவை அவருடைய போனுக்கு அனுப்பும். நல்ல யோசனைதான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அதை எங்கே வைத்தார் என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் மலையில் எதைக் கட்டுவதென்றாலும் சில்வர் ஓக் மரத்தில்தான் கட்டுவோம். மிளகுக் கொடி, துணி காயும் கயிறு, திருவிழா மைக்செட் எல்லாமே அதில்தான் ஏறும். அவரும் அப்படியே காட்டேஜ் வாசலில் இருந்த மரத்தில் கம்பி போட்டுக் கட்டினார். திறந்த வெளியில் வைக்கச் சொல்லி அட்டைப்பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. குழி தோண்டிக் கம்பம் நட அவருக்குச் சோம்பல்.

போன வருஷம் மார்ச்சில் காப்பிச் செடிகள் மொக்கு பிடித்து மழைக்குக் காத்திருந்தன. முதல் மழை நன்றாக நனைத்தால்தான் பூ விரியும். அரைகுறையாகப் பெய்தால் உடனே ஸ்பிரிங்ளர் போட வேண்டும். இல்லாவிட்டால் மொக்கு பாதி விரிந்து அப்படியே கருகிவிடும், அந்த வருஷத்துக் காப்பி அதோடு சரி.

ஒரு சாயங்காலம் தூறல் போட்டது. பின்னாலேயே மூடுபனி இறங்கி விடியும்வரை நின்றது. காலையில் செடியடியில் விரலை விட்டுப் பார்த்தேன். மேல்மண்தான் நனைந்திருந்தது, கீழே புழுதி. மோட்டார் போடப் போகிறேன் என்று சொல்லலாமென்று போனை எடுத்தேன். அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணி, நொம்ப நல்ல மழைங்க அங்க!"

"எங்கீங்க தம்பி? மண்ணே நனையலீங்க. மோட்டார் போட்டாத்தான் ஆகும்."

"கருவி பொய் சொல்லுமாங்க? பூவுக்குத் தாராளமுங்க. தண்ணிய வீணாக்காதீங்க, சீசனுக்குக் காட்டேஜுக்கு வேணும்."

மறுநாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும் கேட்டேன். "உங்களுக்கு நம்பிக்கையே வராதுங்க அண்ணி" என்று சிரித்தார். இருபது வருஷமாக இந்த மண்ணில் கிடக்கிறேன். என் விரலைவிட அவர் போனுக்கு மதிப்பு.

மொக்குகள் பச்சையும் சிவப்புமாகப் பாதி வாய் திறந்து நின்றன. பிறகு கருகின. தோட்டம் முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டிய நாளில் நான் கருகலை உதிர்த்துக்கொண்டு நின்றேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

அவர் வந்து பார்த்து, ஏதோ நோய் என்றார். மறுநாள் விடியலில் மூடுபனி இருந்தது. அவரை மரத்தடிக்குக் கூப்பிட்டேன். பனி இலைகளில் கோத்துச் சொட்டுச் சொட்டாகப் புனலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே தொட்டி டக் டக்கென்று சாய்ந்தது. கிளைக்கு வெளியே நாலடி தள்ளி நின்ற எங்கள் தலையில் ஒரு துளி இல்லை. அவர் கையிலிருந்த போன் மழை என்றது.

மேலே கிளைகளைப் பார்த்தார். "அட, மரந்தானுங்க கெடுத்திருக்குது" என்றார்.

கருவியைக் கழற்றி வேறிடத்தில் வைப்பார் என்று நினைத்தேன். அந்த வாரமே ஆள் விட்டு மரத்தை வெட்டினார். அதில் ஏறியிருந்த மிளகுக் கொடியும் போயிற்று. அது என் கணவர் நட்ட மரம் என்று சொன்னேன். "வேற வெச்சுக்கலாமுங்க அண்ணி" என்றார். மரம் இருந்த இடத்தில் கம்பம் நட்டுக் கருவியை மாட்டினார்.

இந்த வருஷம் முதல் மழை பெய்தது. மண்ணைத் தோண்டிப் பார்த்தேன், போதாது. யாரையும் கேட்காமல் மோட்டாரைப் போட்டேன். ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"மழை கம்மியாத்தான் காட்டுதுங்க அண்ணி. மோட்டார் போட்டுருங்க. பாத்தீங்களா, கருவி இருக்கறதாலதான இந்த வருசம் பூவக் காப்பாத்தறோம்."