அக்கா வீட்டு டீ

திருவண்ணாமலை-கீழ்பென்னாத்தூர் பஸ் கண்டக்டர் கலையரசனுக்குப் பல வருஷமாகக் குடல் கோளாறு. பால், காரம், பரோட்டா எல்லாவற்றையும் விட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு ஒருவழியாக அடக்கி வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அக்கா அருணாதேவி மட்டும் நம்பவில்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் வியாதியே இல்லையாம். போன வாரம் வற்புறுத்திப் பால் டீ குடிக்க வைத்தாள். இன்று அவள் வீட்டுக்குப் போனபோதும் அதே டீயோடு வந்து நின்றாள்.

“எனக்கு வெந்நீர் போதும்க்கா.”

“கூடப்பொறந்தவனுக்கு வெறும் வெந்நீர் குடுத்தேன்னா தெருவே சிரிக்கும்டா!”

கலையரசன் டம்ளரை வாங்கி ணங்கென்று கீழே வைத்தார்.

“போன வாரம் உன் டீயக் குடிச்சுட்டுதான், நடுவழியில பஸ்ஸ நிறுத்திட்டு ரோட்டோர மல்லாட்டச் செடிக் கொல்லைக்குள்ள ஓடுனேன். பஸ்ஸு பூரா உன் தெரு ஜனம். தெரு அன்னைக்கே சிரிச்சுடுச்சு. இப்பவாவது வெந்நீர் குடு!”