பள்ளிக்கூடத் தலை

அப்ரஃபிக்கு வாய் நீளம், முடி அதைவிட நீளம். வாய் பிறவியிலேயே வந்தது. முடியை நீட்டியது களிம்புதான் என்பது கானா நாட்டுக் குமாசிச் சந்தைக்கே தெரியும்.

அங்கே பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். படிப்பு முடிந்ததும் முதல் வேலையாக அவள் சுருளை நேராக்கும் களிம்பை அப்பிக்கொண்டாள். உச்சந்தலை எரிந்தது, காதோரம் புண்ணானது. அழகாயிற்றே, பொறுத்துக்கொண்டாள்! அன்றிலிருந்து களிம்பு போடாத பெண் யார் தன் துணிக்கடையைக் கடந்தாலும் அவளுக்கு ஒரே கேள்விதான்.

"என்னடி, மறுபடியும் பள்ளிக்கூடம் போறியா?"

வரிசையே சிரிக்கும். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குச் சோறே இறங்கும்.

அதிகம் மாட்டியவள் சித்தி மகள் பொக்குவா. களிம்பால் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியதும், மிச்சத்தை ஒரே நாளில் வெட்டி எறிந்துவிட்டுச் சொந்தச் சுருளை வளர்த்தவள். அக்கா என்ன கேட்டாலும் பதில் பேசாமல் போய்விடுவாள்.

இப்படி இருக்கையில் ஊரின் ராஜமாதா, ராஜாவுக்கு இணையாகப் பீடத்தில் அமரும் பெண் தலைவி, காலமானார். இருவருக்கும் அவர் பெரியம்மா. அடுத்த ராஜமாதாவாகக் குடும்பத்துக் கிழவிகள் மூத்தவளான அப்ரஃபியைத்தான் நினைத்தார்கள். தடை ஒன்றே ஒன்று. ராஜமாதாவின் தலையில் சொந்தச் சுருள் முடி இருக்க வேண்டும். ஓரங்களை வழித்து, கரி பூசி, கவிழ்த்த சட்டிபோல் அதை நிறுத்துவார்கள். களிம்பு போட்ட முடி அப்படி நிற்காது.

"வருஷத் திதி வரைக்கும் நேரம் இருக்கு," என்றாள் மூத்த கிழவி அச்சியா. "களிம்ப விட்டுத் தொலை. பழைய முடிய வெட்டிடு."

"இதென்ன பெரிய விஷயம் பாட்டி? பதவிக்காக உசுரையே குடுப்பேன்!"

உயிரைக் கொடுப்பாளாம், முடியைக் கொடுக்க மாட்டாளாம்! களிம்பை நிறுத்தினாள், கத்தரிக்கோலை மட்டும் தொடவில்லை. அடியில் சுருள் முளைத்தது, நுனி நேராகவே தொங்கியது, இரண்டும் சேருமிடத்தில் சீவும்போதெல்லாம் பொடுக்கென்று ஒடிந்தது. அவள் துணியால் தலையை மூடிக்கொண்டு திரிந்தாள்.

ஒருநாள் மேல்தட்டிலிருந்து துணிச்சுருளை இழுக்கையில் தலைத்துணி நழுவியது. எதிர்க்கடைத் தக்காளிக்காரி விடுவாளா?

"என்னக்கா, மறுபடியும் பள்ளிக்கூடமா?"

வரிசையே சிரித்தது. அவளே பழக்கிவிட்ட சிரிப்புதான். ஆனால் அவளால் அதில் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே களிம்பு டப்பாவைத் திறந்தாள். திதியன்று முடியைச் சுருட்டிக் குத்தி, கரியையும் நெய்யையும் குழைத்து அப்பினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தாள். மடச்சி, வேறென்ன சொல்வது?

திதியன்று முற்றத்தில் வெயில் கொளுத்தியது. அச்சியா அவள் தலைத்துணியை அவிழ்த்தாள். நெய் உருகிக் கழுத்தில் வழிந்தது, சட்டி சரிந்தது, முடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"சீ! நனைஞ்ச கோழி மாதிரி என்னடி இது?" கிழவி விரலைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வருஷம் உன் தலைய உன் தலையா வெச்சிருக்க முடியல. நீ ஊர எப்படிடி வெச்சிருப்ப?"

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பொக்குவாவின் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். அந்தத் தலைக்கு வழிக்கவும் கரி பூசவும் மட்டுமே வேலை இருந்தது.

அடுத்த வாரம் பொக்குவா பீடத்தில் அமர்ந்தாள். ராஜமாதா சபையில் வாய்விட்டுப் பேசமாட்டார். பக்கத்தில் கோல் பிடித்து நிற்பவரின் காதில் சொல்வார், அதை அவர் ஊருக்கே கேட்கும்படி சொல்வார்.

அப்ரஃபியின் முறை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பை வளைத்து, "நனா" என்று தங்கையைப் பட்டம் சொல்லி வணங்கினாள்.

பொக்குவா கோல்காரரின் காதில் ஏதோ சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"நனா கேக்குறாங்க: அக்கா, நீங்க எப்போ பள்ளிக்கூடத்துல சேரப் போறீங்க?"

சபை வெடித்துச் சிரித்தது. தக்காளிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கழற்றிய செருப்பை அங்கேயே போட்டுவிட்டு, அப்ரஃபி வெறுங்காலோடு வெளியே நடந்தாள்.