வெண்டல் போடாத ஓட்டு

வெண்டல் ஃபார்னம் என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். அதனால அவன் இவன்னுதான் பேசுவேன், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. மரம் அறுக்கிற மெஷின் ரிப்பேர் பண்றது தொழில். கல்யாணம் பண்ணிக்கல. உறவுன்னு சொல்லிக்க அக்கா வெர்னாவும் அவ புருஷன் ராய்ஸும்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டுல. மத்த நாள் டப்பா சூப்பு.

எங்க நார்த் ஹார்லோவுல வாயுள்ளவன் எல்லாம் நாட்டாமை. வெண்டல் ஒருத்தன்தான் எதுலயும் தன் அபிப்பிராயத்தைச் சொல்லாதவன். சொல்லக்கூடாது, அவன் ஊர்க்கூட்டத்துக்குத் தலைவன். அமெரிக்காவுல எங்க வெர்மான்ட் மாநிலத்துல மார்ச் மாசம் முதல் செவ்வாய்க்கிழமை ஊரே மண்டபத்துல கூடும். ரோட்டுக்கு ஜல்லி வாங்கணுமா, தீயணைப்பு வண்டிக்கு டயர் மாத்தணுமா, எல்லாம் கை தூக்கித்தான் முடிவு. தலைவர் சுத்தியலோட மேடையில நிப்பார். அவர் கை தூக்க மாட்டார். ரெண்டு பக்கமும் சரிபாதியா நின்னா மட்டும் ஒரு ஓட்டுப் போடலாம். போடாம விட்டா தீர்மானம் தோத்த கணக்கு.

இருபது வருஷத்துக்கு மேல வெண்டல் அப்படி நின்னான். ஒரு கண்ணுல வெண்ணெய் இன்னொரு கண்ணுல சுண்ணாம்புங்கிற பேச்சே அவன்கிட்ட கிடையாது. "காபியில பால் வேணுமாடா"ன்னு கேட்டா ரெண்டு பக்கத்தையும் பேசச் சொல்லுவான்னு ஓரின் கில்ஃபாய் கிண்டல் பண்ணுவான். கூட்டத்துல சொந்த அக்காவையே "திருமதி பெலாஞ்சர்"னுதான் கூப்பிடுவான். ஒரு வருஷம் அவ வீட்டு முக்குல விளக்குக் கம்பம் கேட்டா. நேரம் முடிஞ்சுதுன்னு பேச்சைப் பாதியில நிறுத்திட்டான். அந்த ஞாயிறு அவனுக்குக் கருகின உருளைக்கிழங்கு கிடைச்சுது. ஒண்ணு விடாம தின்னுட்டு வந்தான்.

ராய்ஸைப் பத்திச் சொல்லணும். வாழ்நாள் பூரா கிரானைட் பட்டறையில கல் அறுத்த மனுஷன். நெஞ்சு நிறையக் கல்தூசி. மூக்குல ஆக்ஸிஜன் குழாயோட ஜன்னல் பக்கம் உக்காந்து பறவைக்குத் தீனி போட்டுட்டிருப்பார். ஒரு சளி பிடிச்சாலே ஆள் தாங்க மாட்டார்னு டாக்டர் வெர்னாகிட்டச் சொல்லி வச்சிருந்தார். அது ஊருக்கே தெரியும்.

இப்ப அந்த 2020 மார்ச்சுக்கு வர்றேன். சுத்தியல் தட்டி முடிக்கலை, வெர்னா எழுந்தா. கூட்டத்துச் சாப்பாட்டுக்கு அவதான் சமையல் பொறுப்பு. ஏப்ரனோடயே நின்னா.

"தலைவரே, கூட்டத்தை மே மாசத்துக்குத் தள்ளி வைக்கணும். இன்னைக்குச் சாப்பாடும் வேணாம். எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம். இதுதான் என் தீர்மானம்."

"திருமதி பெலாஞ்சர், காரணம்?"

"புதுசா ஒரு வைரஸ் வந்திருக்கே, அதுதான் காரணம். வீட்டுல ராய்ஸ் இருக்காரு."

ஐயோ, அதுக்கப்புறம் நடந்த பேச்சு! ஓரின் எழுந்து இடுப்புல கை வச்சான். "தலைவரே, டிவிக்காரனுக்குப் பொழப்பு வேணும். போன மாசம் பெரிய பனிப்புயல்னு கத்தினான். என் நாய்கூட எழுந்திரிக்கல. சரி, அது எப்பவும் எழுந்திரிக்காது." சிரிப்பு.

பள்ளிக்கூட டீச்சர் மார்னி சொன்னா, "இத்தாலியில ஊர் ஊரா அடைச்சு வச்சிருக்காங்க, தலைவரே."

ஓரின் மறுபடி எழுந்தான். "இத்தாலி எங்க, நாம எங்க? நம்ம மாநிலத்துல ஒருத்தருக்காவது வந்திருக்கா?"

"வெள்ளம் வர்றதுக்கு முன்னாடிதானே அணை போடணும்?"

பின்வரிசையில யாரோ குரல் கொடுத்தாங்க: "பயமா இருந்தா நீ மட்டும் வீட்டுக்குப் போயேன் வெர்னா!"

வெண்டல் சுத்தியலை ஓங்கித் தட்டினான். "தலைவரைப் பார்த்துப் பேசுங்க!"

வெர்னா விடல. "நான் போயிட்டா உங்க பீன்ஸை உங்க பாட்டனா வந்து சூடு பண்ணுவான்?" மண்டபமே சிரிச்சுது. அவ சிரிக்கல.

கை எண்ணினாங்க. நானும் வெர்னா பக்கம்தான் தூக்கினேன். இதுல பெருமை ஒண்ணுமில்ல. வீட்டுல பாகு காய்ச்ச மேப்பிள் மரத்துச் சாறு அடுப்புல கொதிச்சிட்டிருந்துது, சீக்கிரம் போனா போதும்னு தூக்கினேன். ஒரு தடவை எண்ணி, நம்பாம இன்னொரு தடவை எண்ணினாங்க. நாற்பத்தொண்ணுக்கு நாற்பத்தொண்ணு.

எல்லாரும் மேடையைப் பார்த்தோம். வெண்டல் முகத்துல ஈயாடல. வெர்னா அவனையே பார்த்தா. திருமதி பெலாஞ்சராப் பார்க்கல, அக்காவாப் பார்த்தா.

"இந்தத் தீர்மானத்தைக் கொண்டு வந்தவங்க என் கூடப்பிறந்தவங்க," அப்படின்னான். "அதனால நான் ஓட்டுப் போடறது முறையில்ல. சரிபாதி. தீர்மானம் தோத்தது."

ஒருத்தர் கைகூடத் தட்டினார், சபாஷ்னு. எவ்வளவு நியாயமான மனுஷன் பாருங்கன்னு.

வெர்னா வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனா தோத்தவங்க முறைச்சுக்கிட்டுக் கிளம்பறது எங்க ஊர்ல கிடையாது. ஊர் முடிவு பண்ணிட்டா அது நம்ம முடிவும்தான், அப்படித்தான் வளர்ந்தோம். அந்தப் பாழாப்போன வழக்கத்தை நினைச்சா எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது. ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கிட்டு அவ பீன்ஸும் பன்றித் தொடைக்கறியும் பரிமாறினா. எல்லாரும் அவ முகத்துக்கு நேரா குனிஞ்சு தட்டை நீட்டினோம், பேசினோம், சிலர் இருமினோம். கடைசியில ராய்ஸுக்கு ஒரு தட்டு மூடி எடுத்துட்டுப் போனா.

அடுத்த வாரமே ஊர்ல பாதிப் பேர் படுக்கையில. யார் கொண்டு வந்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒவ்வொருத்தரும் அது நானா இருக்குமோன்னு மனசுக்குள்ள வச்சிருக்கோம். வெர்னா எழுந்துட்டா. ராய்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரல. அவளை வாசலோடயே நிறுத்திட்டாங்க.

இங்க குளிர்காலத்துல மண்ணு இரும்பு மாதிரி இறுகிடும், குழி தோண்ட முடியாது. பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில வச்சுப் பூட்டிட்டு, மண்ணு இளகினதும் புதைப்போம். ராய்ஸும் மே மாசம் வரைக்கும் அங்க கிடந்தார். அடக்கத்துக்குப் பத்துப் பேருக்கு மேல கூடாதுன்னு சட்டம். வெண்டலுக்கு அந்தப் பத்துல இடம் இருந்துது. அவன் உள்ள வரல. ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு, தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னான்.

யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லல. ஓரின்கூட, "சட்டப்படி சரியாத்தான் பண்ணினே"ன்னு தோளைத் தட்டினான். வெர்னாவும் ஒண்ணும் கேக்கல. ஞாயிற்றுக்கிழமை பழையபடி கூப்பிட்டுச் சோறு போட்டா. உருளைக்கிழங்கு பக்குவமா வெந்திருந்துது. அதுதான் அவனைக் கொன்னுது.

ஒரு நாள் என் மெஷினை வாங்கப் பட்டறைக்குப் போனேன். வேலை முடியல. சும்மா உக்காந்து ஜன்னல் வழியா மலையைப் பார்த்துட்டிருந்தான். ஆள் பாதியா இளைச்சிருந்தான்.

"தெல்மா, அந்தக் கையெல்லாம் கீழ இறங்கவே மாட்டேங்குது"ன்னான்.

"எந்தக் கைடா?"

"அங்க பாரு. இலை உதிர்ந்த மரமெல்லாம் கை தூக்கிட்டு நிக்குது. எண்ணறேன். மரம் வெட்டப் போனாலும் எண்ணறேன். எப்ப எண்ணினாலும் சரிபாதிதான். அப்புறம் எல்லாம் என்னைப் பார்க்குது."

"பைத்தியக்காரா, டாக்டரைப் போய்ப் பாரு"ன்னு திட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வர்ற வழியில என் மேப்பிள் தோப்பை நிமிர்ந்து பார்க்கப் பயமா இருந்துது.

அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் கூட்டமே இல்ல, தபால்ல ஓட்டு. மறுபடி மண்டபத்துல கூடினப்போ முதல் வேலை, தலைவரைத் தேர்ந்தெடுக்கறது. வேற யார் இருக்கா? ஓரின் வெண்டல் பேரைச் சொன்னான். பழைய தலைவன்கிற முறையில வெண்டலே ஓட்டுக்கு விட்டான்.

"ஆதரிக்கிறவங்க?"

"ஆமா!"ன்னு கூரை அதிர்ந்துது.

"எதிர்க்கிறவங்க?" இது சும்மா கேக்கற கேள்வி. பதிலுக்கு யாரும் காத்திருக்க மாட்டாங்க.

"இல்ல."

சமையல்கட்டு வாசல்லேருந்து வெர்னா. சத்தமா, தெளிவா.

வெண்டலுக்குக் கண்ணு நிறைஞ்சுது. பயந்து போனான்னு நினைச்சேன். இல்ல, ரொம்ப நாள் தாகத்துக்குத் தண்ணி கிடைச்ச முகம் அது. "பெரும்பான்மை ஆமா"ன்னான். "ஆனா நான் வேணாம். வேற யாரையாவது..." சுத்தியலை மேஜை மேல வச்சுட்டுப் படியில இறங்க ஆரம்பிச்சான்.

"எங்கடா போறே?"

அந்த மண்டபத்துல வெர்னா அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா, என்னால முடியல."

"முடியும். ஏறு மேல. இறங்கிட்டா தீர்ந்து போச்சா? நீ அங்க நின்னு எதிர்க்கிறவங்க யாருன்னு வருஷா வருஷம் கேக்கணும். நான் சொல்லணும். வேற எங்கடா போய் நான் அதைச் சொல்லுவேன்?"

வெண்டல் திரும்பி ஏறினான்.

இந்த மார்ச்சுலயும் கேட்டான். நாங்க எல்லாரும் குனிஞ்சு எங்க பூட்ஸைப் பார்த்துட்டிருந்தோம். அவ "இல்ல"ன்னு சொன்னா. அவன் தலையை ஆட்டி, "ஒரு ஓட்டு எதிர்ப்பு"ன்னு சொல்லிட்டு, ரோட்டு ஜல்லி விஷயத்தை எடுத்தான்.