வருஷத்துக்கு ஒரு சாண்

ஆரோக்கியமேரி கும்மிடிப்பூண்டியில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்க்கிறாள். கவரைப்பேட்டையில், தண்டவாளத்துக்குப் பின்னால் வீடு. அவள் கொல்லையில் உள்ள எதுவும் நர்சரியில் வாங்கியதில்லை. புதுக் கம்பெனிக்காக எங்காவது பொக்லைன் வந்து நின்றால், ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியில் இறங்கிக்கொள்வாள். மறுநாள் மண்ணோடு மண்ணாகப் போகவிருக்கும் செடியை வேரோடு எடுத்து வருவாள். சங்குப்பூ, விஷ்ணுகிராந்தி, நிலப்பனை, ஆவாரை. ஒரு தடவை வைத்தால் போதும், வெயிலில் கருகினாலும் மழைக்குத் தானாகத் தழைக்கிற செடிகள்.

"செத்தாமாரி கெடக்கும், ஆனா சாவாது" என்பாள்.

செங்காந்தள் வந்த கதை வேறு. இருபத்தாறு வருஷத்துக்கு முன் அவளுக்குத் தலைப்பிள்ளை செத்துப் பிறந்தது. பெண். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மாமனார் ஏரிக்கரைப் பனங்காட்டில் புதைத்துவிட்டு வந்தார். சிலுவை இல்லை, கல்லும் இல்லை. அந்த இடத்தில் மழைக்கு மழை ஒரு செங்காந்தள் பூக்கும். அதை வைத்துத்தான் மேரி அடையாளம் கண்டுகொள்வாள்.

ஏழு வருஷத்துக்கு முன் பனங்காட்டைச் சமப்படுத்த ஆள் வந்தார்கள். அதற்கு முந்தின நாள் அவள் போய், கலப்பை போல வளைந்திருந்த கிழங்கைத் தோண்டி முந்தானையில் முடிந்து வந்து, கொல்லையில் மதிலோரம் நட்டாள். எங்கிருந்து எடுத்தாள் என்று கணவர் ராஜமாணிக்கத்திடம்கூடச் சொல்லவில்லை.

ஆடி மழைக்கு முளைத்தது. ஐப்பசியில் பூத்தது. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, ரத்தச் சிவப்பில் வந்து நின்றது. தையில் காய்ந்து மறைந்ததும், தண்டு நின்ற இடத்தில் ஓர் ஆணி அடித்தாள். மறு வருஷம் முளை, ஆணியிலிருந்து ஒரு சாண் தள்ளி வந்தது.

பழைய கிழங்கு அழுகும், அதன் நுனியில் புதுக் கிழங்கு வைக்கும், அதனால் செடி நகரும். இது அவளுக்குத் தெரியும். ஆனால் கிழங்குக்கு நுனி இரண்டு. எந்தப் பக்கமும் போகலாம். அது ஒவ்வொரு வருஷமும் வீட்டைப் பார்த்தே வந்தது. கொல்லையின் அகலம் ஆறடிதான்.

ஏழாவது வருஷம் பின்வாசல் படியை ஒட்டி முளைத்தது. அந்த வருஷம்தான் மகள் பிரின்சி பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"வெசம்டி அது. கொயந்த வர்ற ஊடு" என்றார் ராஜமாணிக்கம். மேரி வேலைக்குப் போயிருந்தபோது முளையை வெட்டிவிட்டு, படியோரம் முழுக்க சிமெண்ட் போட்டார். மேரி திரும்பி வந்தாள். ஈர சிமெண்டுக்குப் பக்கத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். காதைத் தரையில் வைத்துக் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக் குணசுந்தரி சொல்கிறாள்.

பிரின்சிக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். பதினெட்டாம் நாள் நண்பகல், "அம்மா, இங்க வாயேன். இது இன்னா?" என்று கூப்பிட்டாள்.

தூளி கட்டியிருந்த அறைக்குள், சுவரும் தரையும் சேரும் விரிசலிலிருந்து, வெயிலே படாத வெளுத்த கொடி ஒன்று எழுந்திருந்தது. செங்காந்தள் இலையின் நுனி சுருண்டு, எட்டியதைப் பிடித்துக்கொள்ளும். அது தூளித் துணியைப் பிடித்திருந்தது. மின்விசிறிக் காற்றில் சதா ஆடும் தூளி அசையாமல் நின்றது.

மேரி மண்டியிட்டு ஒவ்வொரு சுருளாகப் பிரித்தாள். "உடு கண்ணு. உன் தங்கச்சி கொயந்தடி. உட்டுடு."

"யார்கிட்ட பேசுற?" ராஜமாணிக்கம் வாசலில் நின்றிருந்தார்.

"பனங்காட்ல பொதைச்சோமே, அவகிட்ட."

பிரின்சிக்கு அதுவரை ஓர் அக்கா இருந்ததே தெரியாது. குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். ராஜமாணிக்கம் வெளியே போனார். சற்று நேரத்தில் கடப்பாரையால் சிமெண்டை உடைக்கும் சத்தம் கேட்டது.

படிக்கு அடியில் கிழங்கு கிடைத்தது. ஒரு நுனி ஒடிந்திருந்தது. ஒடிந்த துண்டைத் தேடியும் கிடைக்கவில்லை. இருந்ததை இருவருமாக மதிலோரம் திரும்ப நட்டார்கள். ராஜமாணிக்கமே ஜெபம் சொன்னார். 

மூன்றாம் மாதம் பிரின்சி மீஞ்சூரில் புருஷன் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடி ஃபிளாட்.

அடுத்த ஆடியில் நல்ல மழை. மதிலோரம் ஒன்றும் முளைக்கவில்லை. மேரி தினமும் குனிந்து பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரத்தில் பிரின்சியின் போன் வந்தது.

"அம்மா, கடைல வாங்கின ரோஜா தொட்டி. அதுல அக்கா வந்துகீது."

 "புடுங்கிட்டியா?" என்று கேட்டாள் மேரி.

"இல்லம்மா. கொயந்தைக்கு எட்டாம மேல தூக்கி வெச்சிட்டேன்" என்றாள் பிரின்சி. "தண்ணி எவ்ளோ ஊத்தணும்?"